மதிலுக்குள் சோளனும் பூசணியும்

நான் மூன்றாம் வகுப்புப் படித்தவன். அதையும் முழுக்கப் படிக்கவில்லை. பாதியில், காடு வெட்டிப் பயிர் வைக்கிற சேனைக்குக் காவலுக்குப் போய்விட்டேன். ஆனால் படித்தவர்கள் பலர் ஒரு வீட்டைக் கட்டி முடிக்கத் திணறும்போது நான் மூன்று வீடு கட்டினேன். மூன்று பெண்பிள்ளைகள், மூன்று வீடு. இதில் எழுத்துப் பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். சொல்லுகிற விசயத்தில் பிழை இருக்காது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவள் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் இறங்க வேண்டும். மருமகன் வந்து ஏறுவான். இறங்கினவன் அடுத்த மகளுக்கு அடுத்த வீட்டைக் கட்டுவான். நான் உழவு மெசின் ஓட்டி, ஊரார் வயல்வட்டையெல்லாம் உழுது, கட்டிக் கட்டி இறங்கினேன். மூன்றாவது வீட்டை ஆரையம்பதியில் கடைசி மகளுக்குக் கட்டினேன். அதற்குப் பிறகு மகளும் இல்லை, கட்ட உடம்பும் இல்லை. அந்த வீட்டின் பின்னால் சமைக்கிற குசினியோடு சேர்த்து இறக்கிய ஓர் அறையில் நானும் மனிசியும் இருக்கிறோம். முன்பக்கம் மகளும் மருமகனும்.

அந்த ஒழுங்கைத் தெருவிலேயே உயர்ந்த மதில் நான் கட்டியதுதான். எட்டடி. ஆறடி காணும் என்று மேசன் சொன்னான். “உன்ட வீட்டுக்கு ஆறடி காணும். என்ட மகள்ட வீட்டுக்கு எட்டடி” என்று சொன்னேன். இப்போது அந்த எட்டடிக்குள்ளே என்னை வைத்துத்தான் பூட்டுகிறார்கள்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. காலை ஏழேகாலுக்கு இரண்டு பேரும் வேலைக்குப் புறப்படும்போது கேற்றை வெளியே இழுத்து ஆமைப்பூட்டுப் போடுவார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பின்னேரம் இரண்டரைக்கு வந்து திறப்பாள்.

காரணம் உண்டு, மறைக்கமாட்டேன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், எனக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. ஒரு மகளுக்கும் எழுதாமல் எனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். நான் பிறந்த பக்கமும் அதுதான். ஒரு வாடிக் குடிசையும் ஒரு கிணறும் உண்டு. அங்கே வேலை செய்துகொண்டு நின்றபோதுதான் இடது பக்கம் இழுத்தது. வாய்க்காலில் விழுந்துவிட்டேன். காலையிலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை கிடந்தேன். காதடியில் தண்ணீர் ஓடியது. கூப்பிடக் குரல் வரவில்லை. மாடு சாய்க்க வந்த ஒருவன் கண்டு தூக்கினான். ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது இடது கால் மண்ணை இழுக்கிற காலாகிவிட்டது. மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி மண்முனைப் பாலம் வரை போய்விட்டேன். பாலத்தின் நடுவில் கால் நின்றுவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவனை ஓர் ஓட்டோக்காரன் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். அடுத்த நாள் மகள் ஆமைப்பூட்டு வாங்கி வந்தாள்.

பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறவனுக்குக் காதுதான் கண். பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போகும். மீன்காரன் ஹோண் அடிப்பான். மனிசி கேற்றுக் கம்பிக்கு நடுவால் சட்டியை நீட்டி மீன் வாங்குவாள். ஒழுங்கையில் யாரோ யாரையோ ஏசுவார்கள். யார் என்று எட்டிப்பார்க்க முடியாது. எட்டிப்பார்க்க முடியாத மாதிரிக் கட்டியவன் நானே.

மார்கழி பிறந்ததும் ஒரு பின்னேரம் மச்சான் வந்தான். மச்சான் என்றால் மனிசியின் தம்பி, படுவான்கரையில் என் காணிக்கு அடுத்த காணிக்காரன். மோட்டர் சைக்கிளில் ஒரு முட்டி தயிர் கட்டிக்கொண்டு வந்து, பின்வாசல் படியில் குந்தினான். மகளும் மருமகனும் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்கள்.

“மச்சான், பத்த மண்டிக்கிடக்கு. உன்ட காணிக்குள்ளால யானை றோட்டுப் போட்டிரிக்கி. சித்திரை கழிய வெட்டிக் கொளுத்தோணும். என்னட்டத் தாறியா இல்லையா, ஒரு சொல்லுச் சொல்லு.”

“நான் செத்த மறுகா கேளு.”

“நீ எங்க சாகப் போறாய்? அதுதானே கரைச்சல்.”

மனிசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

“குடுத்தாச்சு எண்டு நினைச்சுக்கொள்ளுங்க மாமா. அப்பா இனி அங்க போகமாட்டார்.”

“ஆர் சொன்ன? நான் மாசி பிறக்க வாடிக்குப் போறன். அங்கதான் இரிக்கப் போறன்.”

“பாலத்துல நிண்ட மாதிரியா?” என்றாள்.

 மருமகன் நல்ல பிள்ளை. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை, சத்தமாகப் பேசத் தெரியாது. பேச்சை மாற்ற நினைத்து, “மாமா, இஞ்ச பின்னால ஒரு துண்டு சும்மாதானே கிடக்கு. அதுல ஏதும் நடுங்களன்” என்றார்.

குசினிக்கும் மதிலுக்கும் இடையில் காலால் அளந்தால் பத்து எட்டு அகலம், இருபது எட்டு நீளம். வெறும் மணல். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

“மருமகன், காட்ட வெட்டிச் சாம்பல்ல விதை போட்டு வண்டி வண்டியா ஏத்தினவன் நான். பாலம் இல்லாத காலத்துல ‘பாதை’யில சோளனும் பூசணியும் ஏத்தி வாவியைக் கடந்தவன். இந்த மணல்லயும் எடுத்துக் காட்டுவன். சோளனும் பூசணியும். ஒரு ஆள்ட கை படாம, தனியா. எடுத்திட்டன் எண்டா என்னை என்ட காணிக்கு விடோணும். மறுகா ஒரு கதையும் இல்ல.”

‘பாதை’ என்று நாங்கள் சொல்வது அந்த நாளில் ஆளையும் வண்டியையும் ஏற்றி இழுத்த மிதவையை. மகளுக்கு அது தெரியும். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எடுக்கல்லண்டா?”

“காணி உன்ட மாமனுக்கு. நானே கையெழுத்து வச்சிக் குடுப்பன்.”

“சித்திரை வருசத்துக்குள்ள.”

“அதுக்கு முதல்லயே.”

தனியாகச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்தச் சொல்லைப் போட்டவன் நான்தான்.

மருமகன் அடுத்த நாளே ஒரு பைக்கற் சோளன் விதை கொண்டுவந்தார். சுவீட் கோர்ன் என்று பைக்கற்றில் படம் போட்டிருந்தது. எங்கள் நாட்டுச் சோளன் மாதிரி உருண்டையாக இல்லை. காய்ந்து சுருங்கி, கிழவனின் நகம் மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. பூசணி விதை மச்சான் அனுப்பியது. எருவும் அவன் இரண்டு சாக்கு இறக்கிவிட்டுப் போனான். விதை போடுவதற்கு முதல் வந்தது உதவிக் கணக்கில் சேராது என்று எனக்குள் தீர்த்துக்கொண்டேன். குசினிச் சாம்பல், மீன் கழுவின தண்ணீர், முருங்கைச் சருகு என்று கண்டதையெல்லாம் அந்த மணலுக்குத் தீனி போட்டேன். ஒற்றைக் காலை ஊன்றி மற்றதை இழுத்து, ஒரு நாளைக்கு ஒரு எட்டு நிலம் கொத்துவேன். மண்வெட்டியில் சாய்ந்து நின்று மூச்சு வாங்குவேன். பிறகு அடுத்த கொத்து.

சேனையில் நாங்கள் நடுவிலே பூசணியைப் போட்டுப் படரவிடுவோம். சோளன் சுற்றிவர ஓரத்தில் வேலி மாதிரி நிற்கும். நானும் அப்படியே செய்தேன். நடுவில் ஐந்து குழி பூசணி. மதிலடியோடு ஒரே வரிசையில் சோளன், குழிக்கு இரண்டு விதை.

மருமகன் போனைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“மாமா, சோளன ஒரு வரியா நடக்கூடாதாம். கட்டமா, நெருக்கி நடோணுமாம். இல்லாட்டிப் பொத்தியில மணி நிரம்பாதாம்.”

“ஆர் சொன்ன?”

“போன்ல போட்டிரிக்கி.”

“உங்கட போன் எந்தச் சேனையில காவல் இருந்த?”

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பைக்கற்றில் மூன்றில் ஒரு பங்கு விதை மிஞ்சியது. இரண்டு கிழமையில் பூசணிக் குழி ஒன்று பட்டுப்போனது. அந்த இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. மிஞ்சின விதையைக் கொண்டுபோய் அந்த இடத்திலே நெருக்கமாகக் குத்திவிட்டேன். போனுக்காகச் செய்யவில்லை. விதையை வீணாக்காத கை என்னுடையது, அவ்வளவுதான்.

மாசியில் மதிலடிச் சோளன் இடுப்பளவு வந்தது. பூசணிக் கொடி மணலை மூடிக்கொண்டு ஓடியது. பூ மஞ்சள் மஞ்சளாக விரிந்தது. பிஞ்சுகள் மட்டும் பாக்களவில் மஞ்சளாகி விழுந்தன.  எண்ணிக்கொண்டு படுப்பேன், விடிய ஒன்று குறைந்திருக்கும். பிறகு ஒரு கிழமை விழவில்லை. மூன்று பிஞ்சு நின்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் பெருத்தது.

“பாத்தீங்களா மருமகன்? என்ட கை பட்டா மணலும் காய்க்கும்” என்றேன். அவர் குனிந்து பார்த்து, “ஓம் மாமா, நல்லா நிண்டிரிக்கி” என்றார்.

அடுத்த நாள் விடிய முதல் வெள்ளாப்பில் எழும்பினேன். பக்கத்தில் மனிசி இல்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். கொடிக்குள் குந்தியிருந்தாள். ஓர் ஆண்பூவைப் பிய்த்து, இதழைக் கழித்துவிட்டு, நடுத்தண்டை மட்டும் பிடித்து, பிஞ்சோடு இருக்கிற பூவுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி மெதுவாக.

“என்னகா செய்யிறாய்?”

“தேனீ ஒண்டும் இந்த மதிலால ஏறி வரல்ல. நான் என்ன செய்ய?”

“ஆர் உன்னைக் கேட்ட? நான் தனியாச் செய்யிறன் எண்டுதானே சொன்ன?”

அவள் எழும்பி, கையைச் சீலையில் துடைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும்.

“நீங்க காணிக்குப் போனாத்தான் எனக்கும் கேற் திறக்கும். என்னையும் சேத்துத்தானே பூட்டுறாள். பிள்ளையார் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய் ஒரு வருசம். அக்காட வீடு அடுத்த ஒழுங்கை, செத்தவீட்டுக்குத்தான் போறன். ஆர் இதக் கேட்ட?”

நான் அவளைப் பார்த்தேன். உண்மையாகச் சொல்லுகிறேன், அந்த நிமிடம்வரை பூட்டு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவள் எப்போதும் வீட்டில்தானே இருக்கிறவள் என்று. ஐம்பது வருசத்துக்கு மேல் கூட இருந்தவள். நான் கட்டின மூன்று வீட்டிலிருந்தும் என்னோடு சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினவள். மகள் அவளிடமும் திறப்புச் சாவியைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் நான் அதட்டி வாங்கிவிடுவேன் என்று. அதுவும் உண்மைதான். வாங்கியிருப்பேன்.

தண்ணீர் பைப்பை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

பங்குனி பிறந்ததும் மதிலடிச் சோளனில் பொத்தி கனத்தது. வெளியே பார்க்க நல்ல தடிப்பு. ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒன்றின் சட்டையை உரித்தேன். உள்ளே பல்லு விழுந்த வாய். இங்கே நான்கு மணி, அங்கே இரண்டு மணி, மற்றதெல்லாம் பல்லில்லா ஈறு மாதிரி வெறும் முரசு. அடுத்ததை உரித்தேன். அதுவும் அப்படித்தான். மூன்றாவதை உரிக்கவில்லை.  மதிலில் சாய்ந்து நின்றேன்.

காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேனையில் ஓரத்தில் நட்டாலும் பக்கத்துச் சேனையிலும் அதற்கடுத்த சேனையிலும் சோளன் நிற்கும். வாவிக் காற்று ஒரு சேனையின் பூத்தூள் மாவை அள்ளி மறு சேனையில் கொட்டும். உச்சிப் பூவிலிருந்து விழுகிற அந்த மா, பொத்தியின் நுனியில் தொங்குகிற நூலில் படவேண்டும். ஒரு நூலுக்கு ஒரு மணி. இது எனக்குத் தெரியாமலில்லை. காற்று என்று ஒன்று இல்லாமல் போகலாம் என்பதுதான் எனக்குத் தெரியாது. வாடை ஓய்ந்துவிட்டது, தென்மேற்குக் கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை. எழும்பினாலும் எட்டடி மதில். வரிசையாக நட்டவனும் நான், மதிலைக் கட்டியவனும் நான். சொல்லிக்கொடுத்த போனைக் கேலி பண்ணி அனுப்பியவனும் நான்.

உரித்த இரண்டையும் எருக்குழிக்குள் தாட்டேன். மருமகன் காணக்கூடாது என்று.

மனிசி எல்லாவற்றையும் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“நடுவுல நிக்கிறது இன்னும் பூக்கல்லத்தானே” என்றாள்.

பட்ட பூசணிக் குழியில் நெருக்கிக் குத்தின சோளன். பிந்திப் போட்டதால் அதில் அப்போதுதான் உச்சிப் பூ விரியத் தொடங்கியிருந்தது, பொத்தி நூல் விட்டுக்கொண்டிருந்தது. பூசணிக்கு அவள் செய்ததைச் சோளனுக்கு நான் செய்ய வேண்டும். உச்சிப் பூவைத் தட்டி, மாவை நூலில் விழுத்த வேண்டும். ஆனால் அவை என்னை விட உயர்ந்துவிட்டன. வளைத்துப் பிடித்தால் முறிந்துவிடும். இந்தச் சாதிச் சோளன் தண்டு நாட்டுச் சோளன் மாதிரி இல்லை.

குசினிக்குள் உட்காருகிற ஒரு மர வாங்கு இருந்தது, முழங்கால் உயரம். அதைக் கொண்டுவந்து மணலில் போட்டேன். ஏறப் பார்த்தேன். வாங்கு ஆடியது. இறங்கி நின்றேன். மனிசி வந்து வாங்கின் இரண்டு முனையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு குந்தினாள்.

“ஏறுங்க. சுறுக்கா. அவள் போய் அஞ்சு நிமிசந்தான், ஏதும் மறந்து திரும்பி வந்தாலும் வருவாள்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஆமைப்பூட்டு விழுகிற சத்தம் கேட்டதும் நாங்கள் இரண்டு பேரும் வாங்கைத் தூக்குவோம். நான் ஏறி நின்று பூவைத் தட்டுவேன். மஞ்சள் மா புகை மாதிரி இறங்கும். அவள் தலையெல்லாம் மா. “என்னையும் காய்க்க வைக்கப்போறீங்களா?” என்று கீழிருந்து கேட்பாள். பின்பக்கத்தை இரண்டடி மணல் கொட்டி உயர்த்தியிருந்ததால், வாங்கில் ஏறி நிற்கும்போது தலை மட்டும் மதிலுக்கு மேலே போகும். ஒழுங்கை தெரியும். சைக்கிளில் போகிறவர்கள் தெரிவார்கள். ஒரு நாள் பாண்காரன் என்னைக் கண்டு ஓட்டோவை நிற்பாட்டி, “ஐயா, தலை மட்டும் வெளிக்கிட்டிரிக்கி, உடம்பு எப்ப வரும்?” என்று கேட்டான். பிழைத்துப்போவான், நல்ல வாய்.

ஒன்பதாம் நாள் வாங்கின் ஒரு கால் மணலுக்குள் இறங்கியது. அவளால் பிடிக்க முடியவில்லை. நான் இடது பக்கமாகப் பூசணிக் கொடிக்குள் விழுந்தேன். எலும்பு ஒன்றும் போகவில்லை. ஆனால் எழும்ப முடியவில்லை. அவள் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள்; அவளுக்கும் எழுபது வயது. இரண்டு தரம் தூக்கி, இரண்டு தரம் நானும் அவளும் கூட விழுந்தோம். அவள் கேற்றடிக்கு ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. இருந்திருந்தாலும் கேற் பூட்டு.

“மகளுக்கு எடுக்காத” என்றேன் கிடந்தபடியே.

“மருமகனுக்கு எடுக்கிறன்.”

போன் எடுத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினாள். பெரிய பூசணி இலை ஒன்றைப் பிய்த்து முகத்துக்கு வெயில் படாமல் பிடித்தாள். இலை மூக்கில் உரஞ்சியது. வாய்க்காலில் கிடந்த அன்று யாரும் இல்லை. வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தேன், ஒரு பருந்து சுற்றிச் சுற்றி வந்தது. அதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லவில்லை. அப்போது சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு இலையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

மருமகன் அரை மணித்தியாலத்தில் மோட்டர் சைக்கிளில் வந்தார். பூட்டைத் திறந்து ஓடிவந்து, என்னைக் குழந்தைப் பிள்ளை மாதிரி அள்ளித் தூக்கிப் படியில் வைத்தார். சேட்டெல்லாம் மண். வாங்கையும் சோளனையும் பார்த்தார். விளங்கிவிட்டது.

“நான் அவவுக்குச் சொல்லல்ல மாமா. சொல்றதெண்டா நீங்க சொல்லுங்க.”

பின்னேரம் மகள் முழங்கைக் காயத்தைக் கண்டு கேட்டபோது, கொடி தடக்கிவிட்டது என்றேன். அவள் மருந்து போட்டாள். குனிந்து ஊதிக்கொண்டே போட்டாள்.

அதற்குப் பிறகு வாங்கில் ஏறவில்லை. ஏறத் தேவையும் இருக்கவில்லை; நூல் கருகத் தொடங்கிவிட்டது. பொத்தி உள்ளே எப்படி இருக்கிறதோ என்று தெரியாமல் இருபது நாள் காத்திருந்தேன். உரித்துப் பார்க்கப் பயம். படுத்துக் கிடந்துகொண்டு இரண்டையும் நினைப்பேன். நிரம்பியிருந்தால் வாடிக்குப் போகலாம். நிரம்பாவிட்டால் இந்த அறை, இந்தக் குசினிச் சுவர், ஏழேகாலுக்கு விழுகிற பூட்டு. இரண்டாவதை நினைக்கும்போது எழும்பி மதிலடிவரை நடந்துவிட்டு வந்து திரும்பவும் படுப்பேன்.

சித்திரை வருசத்துக்கு முதல் நாள் நடுவில் நின்ற சோளனை முறித்தேன். முதல் பொத்தியை உரித்தேன். அடியிலிருந்து நுனிவரை மணி. ஒரு பல்லும் குறையவில்லை. நகத்தால் அமத்தினால் பால் தெறித்தது. பன்னிரண்டு பொத்தி, பன்னிரண்டும் அப்படி. பூசணி மூன்று, ஒன்றை ஒரு கையால் தூக்க முடியாது. என் வயதில் வெறும் மணலில் இப்படி எடுத்தவன் இந்தப் பக்கத்தில் இருந்தால் வந்து காட்டட்டும்.

வருசத்தன்று மச்சானும் வந்தான். மனிசி சோளனை உப்புப் போட்டு அவித்து, சுளகில் கொட்டி நடுவில் வைத்தாள். மச்சான் ஒரு பொத்தியைக் கடித்துச் சப்பினான்.

“சீனி போட்டா அவிச்ச அக்கா?”

“அதுட இனிப்பே அதுதான்” என்றேன். “என்னடா, வாயடச்சிப் போச்சு?”

“நான் கத்தி கோடாலியெல்லாம் தீட்டி வச்சிட்டன் மச்சான். இப்ப என்ன செய்யிற?”

“தாடி வழி.”

எல்லாரும் சிரித்தார்கள். மகள் ஒரு பொத்தியை முழுவதும் தின்று முடித்தாள்.  தக்கையைக் கீழே வைத்துவிட்டு, “நல்லா இரிக்கி அப்பா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “சொன்னாச் சொன்னதுதான். நாளையண்டைக்கு நானே உங்களக் கூட்டிற்றுப் போறன். வாடிக்குக் கூரை பாக்கோணும். அம்மாவும் வருவா” என்றாள். சொல்லும்போது கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

பிறகு கேட்டாள். “தனியாத்தானே செஞ்சீங்க அப்பா?”

என்னைப் பிடிக்கவேண்டும் என்று கேட்ட கேள்வி இல்லை அது. அங்கே என்னை விட்டுவிட்டு வந்து இங்கே நித்திரை கொள்ளவேண்டியவள் அவள். அதற்கு ஒரு ஓம் தேவைப்பட்டது. மருமகன் நிலத்தைப் பார்த்தார். மனிசி சுளகைப் பார்த்தாள். ஓம் என்று சொன்னால் இந்த இரண்டு பேரும் சாகும்வரை வாய் திறக்கமாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். மனிசி என்னோடு வாடிக்கு வருவாள். நான்காம் தரம் சட்டி பானையைத் தூக்குவாள். அங்கே நான் விழுந்தால் அவள் கத்துவாள். அங்கே மதிலும் இல்லை, ஒழுங்கையும் இல்லை, மோட்டர் சைக்கிளில் வர ஒருவரும் இல்லை.

வாயில் இருந்த சோளனை விழுங்கினேன்.

“இல்ல புள்ள. பூசணியில கை வச்சது உன்ட கொம்மா. சோளனுக்கு நான் வாங்குல ஏறினன். வாங்கைப் புடிச்சதும் அவதான். ஏறி விழுந்தன். எழும்ப ஏலாமக் கிடந்தன். தூக்கினது உன்ட மனிசன்.”

மகள் மருமகன் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம்.”

“எனக்குச் சொல்லல்ல.”

“மாமா சொல்லுவார் எண்டு இருந்தன்.”

“அப்ப காணி எனக்குத்தானே?” என்றான் மச்சான், இடம் பார்க்காமல்.

“நீ வாய மூடு. வருசத்துக்கு வந்தாத் திண்டுட்டுப் போ” என்று மனிசி அவனை அதட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. எதற்கு என்று எனக்குத் தெரியாது. கேற் திறக்காமல் போய்விட்டது என்றும் இருக்கலாம்.

“காணி உனக்குத்தான்” என்றேன். “ஆனா பொத்தி நிரம்பினது என்ட மூளையால. அத ஒருத்தரும் மறக்கப்படாது.” பிறகு மகளிடம் சொன்னேன்: “பூட்டுறதெண்டா என்னைப் பூட்டு. திறப்பைக் கொம்மாட்டக் குடு. நான் கேக்கமாட்டன். கேட்டாலும் அவ தரமாட்டா.”

மகள் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த நாள் காலை கேற்றை உள்ளால் பூட்டச் சொல்லிவிட்டு, திறப்பைத் தாயின் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

காணிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன். அழகான கையெழுத்து; மூன்றாம் வகுப்புவரை பழகியது. அன்று முழுவதும் சாப்பிடவில்லை. வாடியின் கிணற்றை நான் வெட்டியபோது எத்தனை முழத்தில் நீர் கண்டது என்று மச்சானுக்குச் சொல்லிவிட மறந்துவிட்டேன். பிறகு போனில் சொன்னேன். “தெரியும் மச்சான், நானும்தானே மண் இழுத்த” என்றான்.

மனிசி இப்போது வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்குப் போகிறாள். அப்படியே அக்கா வீட்டிலும் ஏறி, சில நாள் வாவிக் கரைவரையும் போய்விட்டு வருகிறாள். போகும்போது வெளியே நின்று கேற்றைப் பூட்டிவிட்டுத்தான் போகிறாள். “கதிரையில இரிங்க, எழும்பித் திரியாதீங்க” என்று கம்பிக்கு நடுவால் சொல்லுவாள். நான் அவள் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். மறைந்த பிறகு இந்த வீடு சுருங்கி என் தோளில் வந்து இடிக்கும். அதற்கு ஒரு மருந்தும் கிடையாது.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள், “தம்பி கொளுத்திற்றான் போல. அங்காலப் பக்கம் புகை.”

“எந்தப் பக்கம் சாஞ்சிது?”

“என்னது?”

“புகைகா. எந்தப் பக்கம் சாஞ்சிது?”

அவள் கண்ணை மூடி யோசித்தாள். “வடகிழக்கால. கடல் பக்கமா.”

கச்சான் எழும்பிவிட்டது. இனி மதிலுக்கு மேலால் ஏறியாவது கொஞ்சம் காற்று உள்ளே விழும். சோளன் தட்டையெல்லாம் அப்படியே காய்ந்து நின்றது. அன்றே பிடுங்கத் தொடங்கினோம். நான் இழுத்தேன், அவள் வேரில் இருந்த மணலை உதறினாள். மருமகன் வந்ததும் புதுப் பைக்கற்றுக்குச் சொன்னேன். கட்டமாக நடப்போகிறேன் என்றும் சொன்னேன். சேனையில் நாங்கள் அப்படித்தான் நட்டோம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.